பாதி டேங்க்கில் நின்ற கார்

எங்கள் வீட்டு அம்பாசடர் எப்போது நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு பிடிபட ஏழு மாதம் ஆனது. அதற்குள் அப்பாவின் சேமிப்பில் பெரிய துண்டு ஒன்று பம்ப் கடைக்கும் நாசில் கடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

1995-ஐ ஒட்டிய காலம். பம்மலில் பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. மீதியில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பல்லாவரம்–குன்றத்தூர் சாலையில் ஜல்லி லாரிகள் ஓயாது. நாகல்கேணிப் பக்கமிருந்து காற்றடித்தால் தோல் பதனிடும் ஷாப் வாடை வரும். அடிக்காத நாளில் டீசல் வாடை. வெளியூர்க்காரர்களுக்குப் பம்மல் என்றால் நாடகாசிரியர் சம்பந்த முதலியார். 2002-க்குப் பிறகு ஊர்ப் பெயரோடு வந்த கமல் படம். உள்ளூர்க்காரர்களுக்கு அது கல்லும் தோலும் லாரியும். மலையை உடைக்கும் இடத்தில் லாரி இருக்கும், லாரி இருக்கும் இடத்தில் டீசல் மெக்கானிக் இருப்பார். அதனால் பல்லாவரத்திலிருந்து அனகாபுத்தூர் வரை சாலையோரம் கீற்றுக் கொட்டகைகளும் தகர ஷெட்டுகளும்தான். கொட்டகைக்கு முன்னால் மண் ஆயிலிலும் டீசலிலும் ஊறிக் கறுத்திருக்கும். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் வானவில் காட்டும்.

எங்கள் கார் பெட்ரோல் காராகப் பிறந்து, நடு வயதில் டீசலுக்கு மாறியது. இப்போது முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. அன்று டீசல் பேருந்துக்கும் லாரிக்கும் உழவனின் பம்புசெட்டுக்கும் உரிய எரிபொருள் என்று அரசு அதன் விலையை அழுத்தி வைத்திருந்தது. பெட்ரோல் பணக்காரர் எரிப்பது, எனவே வரி. 90-களின் நடுவில் ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் இரண்டு லிட்டர் டீசல் வாங்கி மிச்சமும் வைக்கலாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980 வாக்கிலேயே 1489 சி.சி. டீசல் அம்பாசடரைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே பெட்ரோல் வண்டி வைத்திருந்தவன் என்ன செய்வான்? புதுப்பேட்டைக்குப் போனான். அங்கே விபத்தில் சிதைந்த மாட்டடார் வேனின் என்ஜின் கிடைக்கும். ஜீப் என்ஜின் கிடைக்கும். ஜப்பானிலிருந்து அறுத்து வந்த என்ஜினும் கிடைக்கும். பெட்ரோல் என்ஜினை இறக்கி டீசலை ஏற்றி, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் 'பெட்ரோல்' அடிபட்டு 'டீசல்' ஏறினால் வேலை முடிந்தது. உழவனுக்காகக் குறைத்த விலையில் கல்யாண ஊர்வலக் கார்கள் ஓடின. எங்கள் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். மறைக்க ஒன்றுமில்லை.

மாற்றிய வண்டியில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஐடிலில் கண்ணாடிகள் பல்லைக் கடிக்கும். கனமான என்ஜினைத் தாங்க மாட்டாமல் முன்பக்கம் தாழ்ந்து, கார் எதையோ தேடிக் குனிந்தது போல நிற்கும். எல்லாவற்றையும்விட வேடிக்கை, சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்காது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பிக் குமிழ். அதை இழுத்தால்தான் பம்புக்குள் டீசல் அடைபட்டு, வண்டி ஒருமுறை உலுக்கி அடங்கும். புதிதாக ஓட்ட வருபவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

அப்படி நிற்கவே நிற்காத வண்டி, நிற்கக் கூடாத இடத்தில் தானாக நிற்க ஆரம்பித்தது. காலையில் நன்றாகக் கிளம்பும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் இழுவை குறையும். மூச்சு வாங்குவது போல ஒரு தள்ளாட்டம். பிறகு அமைதி. பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை டக் டக்கென்று அடித்தால் நுரை நுரையாக வரும். நுரை போய் டீசல் கட்டியாக வந்ததும் முறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதற்கு 'ஏர் எடுக்கிறது' என்று பெயர். ஒன்பதாம் வகுப்பு படித்த நான் அந்த வருஷம் அல்ஜீப்ராவைவிட ஏர் எடுப்பதில் தேர்ந்திருந்தேன். பள்ளிச் சட்டையின் வலது கைமுனை எப்போதும் மஞ்சள்.

எரிபொருள் போகும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. பின்னால் டேங்க். அதற்குள் தொங்கும் உறிஞ்சு குழாய். அங்கிருந்து வண்டியின் அடிவயிறு நெடுக ஓர் இரும்புக் குழாய். முன்னால் வந்ததும் ரப்பர் ஹோஸ், பீட் பம்ப், ஃபில்டர். அதன்பின் டீசல் பம்ப். பம்பிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு தடித்த குழாய்கள், ஒவ்வொன்றின் முனையிலும் நாசில். எரியாமல் மிஞ்சிய டீசல் மெல்லிய குழாய் வழியே திரும்ப வரும்.

பெட்ரோல் வண்டிக்கு இந்தப் பாதையில் காற்று புகுந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் விழும், காற்று மேலே போய்விடும். டீசலில் கதை வேறு. நாசில் திறக்க நூறு பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். டீசலை அழுத்தினால் அது சுருங்காமல் முன்னே தள்ளும். காற்றை அழுத்தினால் அது பஞ்சு போல அமுங்கிக்கொடுக்கும். பம்ப் அழுத்த அழுத்தக் குழாய்க்குள் காற்றுக்குமிழி சுருங்கி விரியுமே தவிர, நாசில் வாயைத் திறக்காது. ஒரு குமிழி போதும், ஒன்றரை டன் வண்டியை நிறுத்திவிடும்.

இன்னொன்றும் உண்டு. கார்புரேட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். டீசல் பம்ப், என்ஜின் எரிப்பதைவிட அதிகமாக வாங்கி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எனவே குழாய் கொஞ்சம் பெருத்திருக்க வேண்டும். திரும்பும் பாதையும் வேண்டும். புதுப்பேட்டையில் என்ஜினை மாற்றியவர்கள் என்ஜினைத்தான் மாற்றினார்கள். பின்னால் இருந்த டேங்க்கும் அதன் ஆறு எம்.எம். குழாயும் பழைய பெட்ரோல் காலத்தவை. திரும்பும் டீசலுக்கு அந்தப் பழைய உறிஞ்சு குழாயோடேயே இன்னொரு குழாயைக் காஸ் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மாற்றிய வண்டிகளில் நோய் பெரும்பாலும் என்ஜினில் இருக்காது. இரண்டு வண்டிகளைச் சேர்த்த தையலில் இருக்கும். இது எங்களுக்கு அப்போது தெரியாது.

தெரியாததால் முதலில் நாசில் கடைக்குப் போனோம். நான்கு நாசிலையும் கழற்றி டெஸ்டரில் மாட்டிக் காட்டினார்கள். கைப்பிடியை அழுத்தினால் பனித்துகளாகச் சீற வேண்டும், ஒன்றே ஒன்று சொட்டியது. மாற்றினோம். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு திருநீர்மலைக்குப் போகிற வழியில் நின்றது. அடுத்து பீட் பம்பின் டயாப்ரம். அதை மாற்றியதும் ஐந்து நாள் ஓடியது. அடுத்து ஃபில்டர், ரப்பர் ஹோஸ், செம்பு வாஷர்கள். கடைசியாக ஒரு பம்ப் கடையில், "பம்ப் தேஞ்சிடுச்சு சார், கேலிப்ரேஷன் பண்ணாத்தான் ஆகும்" என்று பம்பையே இறக்கிவிட்டார்கள். டெஸ்ட் பெஞ்சில் வைத்து, வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களில் டீசல் அளந்து, சீல் வைத்துக் கொடுத்தார்கள். பார்க்க ஆஸ்பத்திரி லேப் போல இருந்தது. பில்லும் அப்படித்தான். வண்டி பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் சங்கர் நகரில் நின்றது.

ஒவ்வொரு வைத்தியமும் சில நாள் பலித்ததுதான் எங்களை ஏமாற்றியது. ஒன்றும் பலிக்காமல் இருந்திருந்தால் முன்பே விழித்திருப்போம்.

குவாரி லாரிகளுக்கு வேலை பார்த்த பாய் ஒருவர் இருந்தார். கார் தொட மாட்டார். "பொம்மை வண்டி" என்பார். அப்பா இரண்டு தரம் போய்க் கேட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்பானர்கூட இல்லை. திண்ணையில் உட்கார்ந்து டீ வாங்கிக்கொண்டார்.

"எப்ப நிக்குது சார்?"

அப்பா இடங்களை அடுக்கினார். சந்தை ரோடு, திருநீர்மலை, சங்கர் நகர்.

"எடம் கேக்கல. டேங்க்ல எவ்ளோ இருக்கறப்ப நிக்குது?"

அப்பா விழித்தார். எங்கள் வண்டியில் டீசல் முள் எப்போதோ கண்ணை மூடிவிட்டது. ஆனால் அப்பா ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர். வண்டிக்கென்று நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். இடப்பக்கம் டீசல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர். வலப்பக்கம் ரிப்பேர் செலவு. பாய்க்குத் தமிழ் படிக்க வராது என்று நினைக்கிறேன். என்னிடம் நோட்டைத் தள்ளி, "தம்பி, நீ தேதி மட்டும் சொல்லு" என்றார். டீசல் போட்ட தேதி ஒன்று, நின்ற தேதி ஒன்று என்று மாற்றி மாற்றிப் படித்தேன். ஆறேழு ஜோடி படிப்பதற்குள் அப்பா தலையில் கை வைத்துவிட்டார். டேங்க் நிரப்பிய மறுநாளோ அதற்கு மறுநாளோ வண்டி ஒருதரம்கூட நின்றதில்லை. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகுதான் ஒவ்வொரு முறையும். ஒவ்வொரு ரிப்பேர் முடிந்தும் அப்பா நம்பிக்கையோடு டேங்க்கை நிரப்பியிருக்கிறார். அந்த டேங்க்தான் ஓட்டியிருக்கிறது, ரிப்பேர் அல்ல.

பாய் எழுந்தார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து காது வைத்துக் கேட்டார். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உஸ் என்று சத்தம் வரும். வரவில்லை. பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய், மட்டம் பார்க்கும் டியூபை வாங்கிவரச் சொன்னார். தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி போன்ற டியூப். கொத்தனார் மனசில்லாமல் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தார். அடிக்குழாய்க்கும் பீட் பம்புக்கும் நடுவில் பாய் அதைச் செருகிக் கம்பி சுற்றி முறுக்கினார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

டியூபுக்குள் டீசல் தேன் நிறத்தில் ஓடியது. அதன் நடுவே கடுகு கடுகாகக் குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, பொறுமையாக. ஏழு மாதமாக எங்களைத் தெருவில் நிறுத்திய ஆசாமி இவ்வளவு சிறியவனா என்று இருந்தது.

"பம்பு சுத்தம். நாசில் சுத்தம். காத்து பின்னாலேர்ந்து வருது" என்றார்.

அதை உறுதி செய்ய, ஐந்து லிட்டர் டீசல் கேனை பானெட்டுக்கு மேலே தொங்கவிட்டு, அதிலிருந்து நேராகப் பீட் பம்புக்கு டியூப் கொடுத்து, முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. பிறகு உறிஞ்சு குழாயை டேங்க்கிலிருந்து கழற்றினார். ஒரு முனையை விரலால் பொத்தி, மறுமுனையில் வாய் வைத்து ஊதிக்கொண்டே, பஞ்சர் கடையில் செய்வது போல வாளித் தண்ணீரில் முக்கினார். குழாயின் நடுவில், திரும்பு குழாயைப் பற்றவைத்த இடத்துக்குச் சற்றுக் கீழே, முத்து கோத்தது போலக் குமிழி கிளம்பியது. காஸ் சூட்டில் மெலிந்து, அதிர்வில் கீறிய மயிரிழை.

இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் மேலே ஒரு கீறல் விழுந்தால் எப்படி இருக்கும்? அதேதான். டேங்க் நிறைந்திருக்கும்போது கீறல் டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும். அது வழியாகவும் டீசல்தான் போகும். மட்டம் பாதிக்குக் கீழே இறங்கியதும் கீறல் வெளியே வந்து காற்றைக் குடிக்கும். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அதனால் அடியில் படுத்துப் பார்த்த எவர் கண்ணிலும் படவில்லை.

பழைய குழாயைப் பாய் மறுபடி பற்றவைக்கவில்லை. காயலான் கடையிலிருந்து எட்டு எம்.எம். இரும்புக் குழாய் வாங்கிப் புதிதாகச் செய்தார். திரும்பு பாதைக்குத் தனித் துளை போட்டார். செம்பில் போட்டால் சுலபமாக வளையுமே என்று அப்பா கேட்டதற்கு, செம்பு டீசலைக் கெடுக்கும் என்றார். அது உண்மைதான். செம்போடு நெடுநாள் சேர்ந்திருந்தால் டீசல் சீக்கிரம் பிசினாகும். இதைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. கூலி நூற்றைம்பது ரூபாய் கேட்டார். அப்பா இருநூறு கொடுத்தார். கொத்தனாருக்கு டியூப் காசு தனி.

அதன்பிறகு அந்த வண்டி எட்டு வருஷம் ஓடியது. வேறு நோய்கள் வந்தன. ரேஷன் மண்ணெண்ணெய் கலந்த டீசலைக் குடித்துப் பம்ப் தேய்ந்ததும் அதில் ஒன்று. எங்களுடையது ரோட்டரி பம்ப். இன்னொரு வகையான லைன் பம்பின் அடிப்பகுதிக்கு என்ஜின் ஆயில் போகும். ரோட்டரி பம்புக்கு டீசலே ஆயில். மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு போதாது. தேய்ந்த பம்பை அப்பா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்றார். அங்கே எதுவும் விலை போகும். வண்டியையும் 2003-ல் கொடுத்தோம். திருவண்ணாமலைப் பக்கம் போய், அதன் என்ஜின் மட்டும் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறது என்று கேள்வி. கடைசியில் டீசல் உழவனிடம்தான் போய்ச் சேர்ந்தது.

இப்போது பம்மலில் அந்தக் கொட்டகைகளைத் தேடினால் கிடைக்காது. குவாரிகள் ஓய்ந்து பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. இன்னும் தள்ளிப் போனால் சிக்கராயபுரம் கல்குட்டைகள். 2017 வறட்சியில் அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2021-ல் பம்மல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போனது. லாரி மெக்கானிக்குகள் குன்றத்தூரையும் தாண்டிப் போய்விட்டார்கள். பாய் உட்கார்ந்த திண்ணை இருந்த இடத்தில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தம். ஒரு கடையின் பக்கச் சுவரில் மட்டும் 'மைக்கோ' என்ற பழைய பெயிண்ட் மங்கலாகத் தெரிகிறது. அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது.

டீசல் மாற்றும் பழக்கம் ஒரே நாளில் சாகவில்லை. முதலில் காஸ் கிட் வந்தது. டிக்கியில் சிலிண்டர் வைத்த மாருதிகள் பெருகின. 2010-ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு கைவிட்டதும் டீசலுக்கு மறுபடி ஒரு வசந்தம். ஆனால் அது மாற்றிய வண்டிக்கல்ல, தொழிற்சாலையிலேயே டீசலாகப் பிறந்த கார்களுக்கு. 2014 அக்டோபரில் டீசல் விலையும் சந்தைக்குப் போனது. அந்த வருஷம் மே மாதத்தோடு உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பும் நின்றிருந்தது. 2020-ல் பி.எஸ். 6 வந்தபோது மாருதி டீசல் காரையே விட்டுவிட்டது. 2024-ல் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாய்க்குச் சற்று மேல், டீசல் தொண்ணூற்றிரண்டு சொச்சம். எட்டு ரூபாய் மிச்சத்துக்கு யார் என்ஜினை இறக்குவார்கள்? இறக்கினாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தப் பழைய சுலபம் இல்லை.

டீசலே மாறிவிட்டது. அன்று அதில் ஒரு சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். இன்று பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. பல்லாவரம் சிக்னலில் நிற்கும்போது மூச்சுவிட முடிகிறதென்றால் இதுவும் ஒரு காரணம். பழைய வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு தலைவலி. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயல்பான வழவழப்பும் சேர்ந்து போய்விடுகிறது. அதற்கு மருந்து கலந்துதான் விற்கிறார்கள். பழைய டீசலில் ஊதிப்போய்ப் பழகிய ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கிக் கசியும். இன்னும் பழைய டீசல் அம்பாசடரைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 'பம்ப் வேர்க்கிறது' என்பார். பம்பில் கோளாறில்லை, சீலை மாற்றினால் போதும் என்று அவரை நம்பவைக்க எனக்கு ஒரு மாலை ஆனது. பெட்ரோல் பழசுகளுக்கோ இப்போது இருபது சதவீத எத்தனால். ஹோஸ்களுக்கு அது ஆகாது.

2015 டிசம்பர் வெள்ளம் ஒரு பரீட்சை வைத்தது. அடையாறு அனகாபுத்தூரிலும் கவுல் பஜாரிலும் ஏறியது. தண்ணீர் வடிந்ததும் பழைய டீசல் வண்டிக்காரர்கள் செய்தது நேரான வேலை. டேங்க்கை வடித்தார்கள், நாசிலைக் கழற்றிச் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றினார்கள், ஆயில் மாற்றி ஏர் எடுத்தார்கள். பல வண்டிகள் கறுப்புப் புகையோடு எழுந்துகொண்டன. புதிய வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்கு உள்ளேயும் இருந்த மின்பெட்டிகள் நனைந்தன. அவற்றை இன்சூரன்ஸ்காரர்கள் வரிசையாக இழுத்துப் போனார்கள். இதை வைத்துப் பழசே மேல் என்று சொல்ல நான் வரவில்லை. ஏழு மாதம் தெருவில் நின்றவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

போன வருஷம் என் தங்கை மகனின் கார் பல்லாவரம் மேம்பாலத்தில் மூச்சு முட்டியது. காமன் ரெயில் டீசல், பத்து வருஷப் பழசு. என்ஜின் விளக்கு எரிகிறது, ஐம்பதுக்கு மேல் போக மறுக்கிறது. ஓரிடத்தில் ஸ்கேன் செய்திருக்கிறான்.

"மாமா, பி0087-ன்னு வருதாம். ரெயில் பிரஷர் கம்மி. பம்ப் மாத்தணுமாம்."

அவன் சொன்ன தொகைக்கு அப்பா அன்று முழு அம்பாசடர் வாங்கியிருப்பார். கேட்டதும் எனக்குச் சங்கர் நகர் ஞாபகம் வந்தது. அந்த எண் சொல்வது உண்மைதான், அழுத்தம் குறைகிறது. ஏன் குறைகிறது என்பதை அது சொல்லவில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு என்று தெர்மாமீட்டர் சொல்வது போல.

நாகல்கேணியில் ஒரு பையன் இருக்கிறான். டிப்ளமோ முடித்தவன், சிறிய கடை. டேப்லெட்டை மாட்டினான். ஐடிலில் ரெயில் அழுத்தம், மிதித்தால் அழுத்தம், பம்பிடம் கேட்பது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு எல்லாம் கோடாக ஓடியது. நான் பழைய பழக்கத்தில், குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கலாமே என்றேன். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"ஐயோ, தொட்றாதீங்க சார். ஆயிரத்து அறுநூறு பார் வரைக்கும் போகும். தோலுக்குள்ள பூந்துடும்."

சரிதான். பழைய பம்பின் டீசலும் தோலைத் துளைக்கும். பாய் அந்த நட்டைத் தளர்த்தும்போது கையில் சாக்கைச் சுற்றிக்கொள்வார். இதில் சாக்கெல்லாம் வேலைக்கு ஆகாது.

அவன் ஃபில்டரைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. பிறகு நான்கு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் கழற்றி, நான்கு தண்ணீர் பாட்டில்களில் விட்டு, வரிசையாகக் கம்பியில் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தான். ஐந்து நிமிடத்தில் மூன்று பாட்டில்களில் அடி நனைந்திருந்தது. மூன்றாவது இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் கால் பங்கு நிறைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. பம்ப் ஏற்றுகிற அழுத்தத்தை ஓர் இன்ஜெக்டர் பின்வாசல் வழியே விட்டுக்கொண்டிருக்கிறது. பம்ப் மேல் பழி. பம்பை மாற்றியிருந்தால் சில வாரம் ஓடியிருக்கும், அப்புறம் மறுபடி மேம்பாலம்.

இன்ஜெக்டரைச் சரிபார்த்து வாங்கி மாட்டி, அதன் குறியீட்டு எண்ணை டேப்லெட்டில் ஏற்றிய பிறகும் அவன் வண்டியை விடவில்லை. "இன்னும் ஒண்ணு பாத்துடலாம் சார்" என்று, ஃபில்டருக்கு முன்னால் கீழழுத்தக் குழாயில் ஒரு முழம் தெளிவான டியூபைச் செருகினான். நான் குனிந்து பார்த்தேன். டீசல் இப்போது தேன் நிறத்தில் இல்லை. வெளுத்து, தண்ணீர் போல ஓடியது. குமிழி ஒன்றுமில்லை.

இந்த டியூப் எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"ஹார்டுவேர் கடைல சார். மட்டம் பாக்கற டியூபு. இப்ப கொத்தனாருங்க யாரும் வாங்கறதில்லயாம், எல்லாரும் லேசர் வச்சிருக்காங்க. எனக்கும் ஃபிஷ் டேங்க் காரங்களுக்கும்தான் எடுத்துட்டு வராராம். மீட்டர் இருவது ரூபா."